பெயோட்டியா, அயவாஸ்காவா?

இரண்டும் மாயக்காட்சி தரும் சடங்குச் சரக்குகள். பெயோட்டிக்குத் துணைச் செடி வேண்டாம். மெக்சிகோ, தெற்கு டெக்சாஸ் வறள்நிலங்களில் வளரும் முள்ளில்லாத சின்னக் கள்ளி அது. மென்று விழுங்கினால் உள்ளிருக்கும் மெஸ்கலின் என்ற மாயக்காட்சிப் பொருள் வேலையைத் தொடங்கிவிடும்.

அமேசான் காட்டு அயவாஸ்கா கூட்டுச் சரக்கு. சக்ருனா இலையிலுள்ள டிஎம்டி என்ற மாயக்காட்சிப் பொருளைத் தனியாகக் குடித்தால் குடலிலுள்ள நொதி சிதைத்துவிடும். சேர்த்துக் காய்ச்சும் கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆய்வகம் இல்லாமல் இந்தச் சேர்க்கையை எப்படித்தான் பிடித்தார்களோ!

இரண்டின் சடங்குகளும் கிறித்தவத்தோடு கலந்தன. ஓக்லஹோமாவில் 1918இல் பதிவான அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபைக்குப் பெயோட்டி. பிரேசிலில் 1930களில் உருவான சாந்தோ தைமே என்ற சமயத்துக்கு அயவாஸ்கா.

எனக்குக் கவலை பெயோட்டியைப் பற்றித்தான். கொடியை நட்டால் படரும். இந்தக் கள்ளி முதிரவோ பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். பறிப்பவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.