ஒற்றை வாளி கறவை இயந்திரம்: ஏழு மாதம் கழித்து ஒரு மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஒற்றை வாளி கறவை இயந்திரம் ஒன்றைப் பொள்ளாச்சியில் 45,000 ரூபாய்க்கு வாங்கி ஏழு மாதம் ஆகிறது. எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று சொல்லப்போவதில்லை. நான் பட்ட சிரமங்களில் பாதி இந்த வகை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. மீதிப் பாதி என் அவசரத்தால் வந்தவை.

ஒரு குதிரைத்திறன் மோட்டார், காற்றை உறிஞ்சும் பம்பு, 25 லிட்டர் எவர்சில்வர் வாளி, நான்கு காம்புக் குவளைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கண்ணாடி போன்ற கிண்ணம் ஆகியவை வந்தன. குவளைக்குள் ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. உறைக்கும் குவளைக்கும் நடுவில் உள்ள காற்றை உறிஞ்சும்போது ரப்பர் விரிந்து பால் இறங்கும். அங்கே காற்றைத் திரும்ப விடும்போது ரப்பர் சுருங்கிக் காம்பைப் பிடித்துவிட்டு, ரத்தம் அதில் தேங்காமல் ஓட வைக்கும். இந்த விரிதலும் சுருங்குதலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முறை நடக்க வேண்டும். இப்படிக் காற்றை மாற்றி மாற்றி விடும் கருவியான, வாளி மூடியில் இருக்கும் துடிப்பானின் ஓசையைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்தேன், 61 வந்தது. அந்த வகையில் குறை சொல்வதற்கில்லை.

குறை முதல் வாரத்திலேயே வேறு இடத்தில் தெரிந்தது. கடையிலிருந்து வந்த மெக்கானிக் மடியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, உடனே குவளைகளை மாட்டி, பால் ஓடுவதைக் காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். நானும் அப்படியே செய்தேன். ஐந்து மாடுகளிலும் சேர்த்துக் காலையில் நான்கு லிட்டர் குறைந்தது, பால் சொசைட்டியில் 3.9 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கொழுப்பு 3.3-க்கு இறங்கியது. தீவனத்தில் கோளாறு என்று நினைத்துப் பருத்திக்கொட்டையைக் கூட்டினேன். என் அம்மா மட்டும், "மாடு எறக்கோணும் கண்ணு, மிசினு என்ன பண்ணும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. மடி என்பது பாலை நிரப்பி வைத்த பை அன்று. ரத்தத்திலிருந்து சத்துகளை எடுத்துப் பாலாக்கும் நுண்ணறைகள் கோடிக்கணக்கில் அதில் இருக்கின்றன. ஒரு லிட்டர் பால் ஊற ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். கறக்க உட்காரும் நேரத்தில் காம்புக்கு மேலே உள்ள குழியில் தயாராக நிற்பது மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மீதி நுண்ணறைகளிலேயே இருக்கும். காம்பைத் தொட்டுத் துடைக்கும் உணர்வு மூளைக்குப் போய், அங்கிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைப் பிழியும்போதுதான் அந்தப் பால் கீழே வருகிறது. இதற்கு ஒரு நிமிடம், சில மாடுகளுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் தணிந்துவிடும். மாடு மிரண்டாலோ, அடிபட்டாலோ, அட்ரினலின் சுரந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பதால், இறங்காத பாலோடு என் கொழுப்புப் புள்ளியும் மடியிலேயே நின்றுவிட்டது.

கையால் கறந்தபோது, கன்றை முட்டவிட்டும் மடியை நீவியும் அம்மா இதையெல்லாம் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருந்தார். நாட்டு மாடு கன்று முட்டாமல் எளிதில் இறக்காது. கலப்பினங்களுக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. எங்கள் ஐந்தில் மூன்று, 1963-இல் கேரளத்தின் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தின் வழியில் வந்த சுனந்தினி மாடுகள். ஆனாலும் பிடிவாதம் இல்லை என்பதற்காகத் தொட்டவுடன் பால் வந்துவிடாது. கையேட்டின் நான்கு பக்கங்களில், ஆங்கிலத்திலும் இந்தியிலும், போல்ட்டின் அளவு வரை எழுதியவர்கள் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இயந்திரத்தின் மேல் எனக்கு உள்ள முதல் புகார் இதுதான்.

இரண்டாவது புகார் சத்தம். மோட்டாரைக் கட்டுத்தரைக்குள்ளேயே வைக்கும்படி குழாயின் நீளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன. பின்பு பிவிசி குழாய் போட்டு மோட்டாரைச் சுவருக்கு வெளியே தள்ளிய பிறகே அவை அசைபோட ஆரம்பித்தன.

இப்போது நான் கறக்கும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதலில் மூன்று நான்கு பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்ப்பேன். திரியோ தயிர்த்துணுக்கோ இருந்தால் துணியில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். பிறகு மடியைக் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகக் காம்பின் நுனி வரை ஈரமில்லாமல் துடைப்பேன். ஈரக் காம்பில் மாட்டினால் குவளை நழுவும். அழுக்குத் தண்ணீரும் உள்ளே போகும். தொட்ட நேரத்திலிருந்து ஒன்றரை நிமிடம் ஆனதும் குவளைகளை மாட்டுவேன். குவளைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிண்ணத்தில் பால் முதலில் நுரைத்துச் சுழன்று விழும், பிறகு கயிறு போல மெலியும், பிறகு சொட்டும். சொட்டத் தொடங்கியதும் முதலில் காற்று உறிஞ்சுதலை நிறுத்திவிட்டு, அதன் பின்பே குவளைகளைக் கழற்ற வேண்டும். ஓடும்போதே இழுத்தால் காம்பு நுனி புண்ணாகும். கடைசியாக அயோடின் கரைசலில் காம்புகளை முக்கி, தொட்டியில் தீவனத்தை வைப்பேன். கறந்த பிறகு காம்பின் துவாரம் மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்துவிடக் கூடாது.

இந்த முறைக்கு மாறிப் பத்து நாளில் கொழுப்பு 3.9-க்குத் திரும்பியது. காலையில் குறைந்த நான்கு லிட்டரில் மூன்றரை மீண்டது. பருத்திக்கொட்டையைப் பழைய அளவுக்கே குறைத்தேன்.

ஆறாவது வாரம் செவலை மாட்டின் முன் காம்புகளின் நுனியில் வெள்ளை வளையம் தடித்திருந்தது. சொரசொரப்பாக, காய்ந்த கோதுமை மாவு ஒட்டியது போல இருந்தது. கறவைக்கு 42 முதல் 45 கிலோ பாஸ்கல் உறிஞ்சும் அழுத்தம் போதும் என்ற நிலையில், என் அழுத்தமானியின் முள் 54-இல் நின்றது. கடையில் கேட்டபோது, வேகமாகக் கறக்கட்டும் என்று அப்படி வைத்ததாகச் சொன்னார்கள். அதோடு பின் காம்புகள் இரண்டும் மொத்தப் பாலில் ஏறக்குறைய 60 சதவீதம் தருவதால், அவை முடியும் வரை பால் தீர்ந்த முன் காம்புகளை இயந்திரம் வெறுமனே உறிஞ்சிக்கொண்டிருந்தது. 43-க்குக் குறைத்து, சொட்டத் தொடங்கியதும் உடனே நிறுத்திய பிறகு வளையங்கள் ஐந்தாறு வாரத்தில் மெல்ல மறைந்தன.

மடிநோய்க்கு இயந்திரமே காரணம் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. காரணம் அதுவன்று, ஆனால் ஒரு மாட்டின் கிருமியை அடுத்த மாட்டுக்கு எடுத்துப்போகும் வாகனம் அது என்பது உண்மை. ஆகவே முதல் கன்று ஈன்ற தலையீத்து மாடுகளை முதலிலும், மடிநோய்ச் சோதனைக் கரைசலில் பால் கூழாகத் திரண்ட மாட்டைக் கடைசியிலும் கறக்கிறேன். நோய்ப்பட்ட காம்பைக் கையால் தனிப் பாத்திரத்தில் பீச்சி, அந்தப் பாலைச் சேர்க்காமல் விடுகிறேன்.

கழுவுவதுதான் பெரிய வேலை. கறந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு காரச் சோப்புக் கரைசலோடு கைபொறுக்காத சூட்டுத் தண்ணீர், பிறகு சுத்தமான தண்ணீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் வாரம் ஒரு முறை அமிலக் கரைசலும் தேவை. முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் குழாயில் வெந்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் தவற்றையும் நான் ஒரு நாள் செய்து பார்த்திருக்கிறேன்.

நேரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கையால் ஐந்து மாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இப்போது கழுவுவதையும் சேர்த்து ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. மிச்சமாவது பத்து நிமிடம்தான். ஆனால் கட்டைவிரலை மடக்கி வைத்துக் கறந்து கறந்து வீங்கிப்போன அம்மாவின் விரல் மூட்டு இப்போது வலிப்பதில்லை. நான் வெளியூர் போனாலும் பால் நேரத்துக்குச் சொசைட்டிக்குப் போகிறது. மூன்று மாட்டுக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம் என்பேன்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். வாங்குபவர்கள் ரப்பர் உறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். 2,500 கறவைக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. ஐந்து மாடு, இரண்டு வேளை என்றால் 250 நாள் வரும். ஆனாலும் ரப்பர் தானாகவே தளர்ந்துவிடும் என்பதால் நான் ஆறாம் மாதமே மாற்றினேன். நான்கும் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது, பொள்ளாச்சியில் இருப்பு இல்லாமல் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். நான்கு உறைகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.