மிர்டில் பீச் மலிவு கோல்ஃப் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள்

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட், ராலே பக்கம் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் கோடையில் காரை எடுத்துக்கொண்டு தென் கரோலினாவின் கடற்கரை ஊரான மிர்டில் பீச்சுக்குக் கிளம்புவதால் இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் நான், மச்சினன், அவனுடைய ஆபீஸ் நண்பர் என மூன்று பேர் போய் நன்றாக ஏமாந்து வந்தோம்.

ஒரு ரிசார்ட்டில் இரண்டு ராத்திரி தங்கல், மூன்று ஆட்டம், தலைக்கு 249 டாலர். விலையைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. 1927-லிருந்தே கோல்ஃப் ஆடும் ஊர் அது. மைதானத்துக்கு மைதானம் போட்டி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் கூட்டம். ஆகஸ்ட் வெயிலுக்கு ஆள் குறையும், விலையும் இறங்கும். அப்படித்தான் நினைத்தோம்.

விளம்பரப் படத்தில் இருந்த சதுப்பு நிலம் பொய்யில்லை. ஃபேர்வே, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளி, முடியும் இடத்தில் ஆளுயரக் கோரைப்புல், அதற்குள் வெள்ளைக் கொக்கு. நாங்கள் போனபோது கடல் உள்வாங்கி நீர் வற்றியிருந்தது. கறுத்த சேறு, அழுகிய முட்டை வாடை, ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டு குட்டிக் குட்டி நண்டுகள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் தண்ணீர் தளும்பியது. இதைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம், ஆனால் அந்த ரிசார்ட்டுக்கு இல்லை.

முதல் கிரீனிலேயே, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையிலேயே, விஷயம் புரிந்துவிட்டது. தரை முழுக்க விரல் பருமனில் துளைகள், இடியாப்பத் தட்டு மாதிரி. மேலே மணல். மண் இறுகாமல் வேருக்குக் காற்றுப் போக வருடா வருடம் இப்படித் துளை போடுவார்கள். பெர்முடா புல் கோடையில்தான் வேகமாக வளரும் என்பதால் அங்கே இந்த வேலை கோடையில்தான் நடக்கும். துளை மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். எங்களுக்கு முந்தின நாள்தான் போட்டிருந்தார்கள். மச்சினன் நாலடி தூரத்திலிருந்து குழியை நோக்கி மெல்ல ஒரு புட் தட்டினான். பந்து தத்தித் தத்திப் போய் ஒரு துளையில் இடறி, வலப்பக்கம் திரும்பி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. "ஏன் அத்தான், பல்லாங்குழி ஆடவா நாலு மணி நேரம் கார் ஓட்டினோம்?" என்றான்.

துளை போட்டதைக் குறை சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விற்றதுதான் என் கோபம். கவுன்டரில் கேட்டால், "தேதி மூன்று மாதம் முன்பே முடிவானது. உங்களுக்கு விற்றவரிடம் கேளுங்கள்" என்றார்கள். விற்ற ஏஜென்ட், "மைதானத்தின் நிலைமைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். சரி, யாரிடம்தான் போவது?

அப்புறம் கார்ட், மைதானத்தில் சுற்றும் சின்ன வண்டி. "கிரீன் ஃபீ உட்பட" என்று, அதாவது மைதானத்தில் ஆடும் கட்டணம் சேர்த்தி என்று, போட்டிருந்தது. கார்ட் அதில் சேராதாம். ஆளுக்கு, ஆட்டத்துக்கு 25 டாலர். அந்த வெயிலில் நடக்கலாம் என்றால் நடக்க அனுமதி இல்லை. அறைக்கு ரிசார்ட் ஃபீ என்று ராத்திரிக்கு 30 வேறு. கூட்டிப் பார்த்தால் 747-க்கு மேல் 285 டாலர் கூடுதல்.

மூன்றாம் நாள் ஏழாவது குழியில் இடி இடித்துச் சைரன் ஊதினார்கள். ஓடி வந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், மழை விடவில்லை. மற்றவர்களுக்கு மறுபடி ஆட மழைச் சீட்டு கொடுத்தார்கள். எங்களுக்கு இல்லை; பேக்கேஜுக்கு அது கிடையாதாம்.

நீங்கள் போவதாக இருந்தால், ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன் நேராக மைதானத்துக்கே போன் போட்டு, கிரீனில் எப்போது துளை போடுகிறார்கள் என்று தேதியைக் கேளுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். வேறு இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன். கார்ட் சேர்த்தியா, பேக்கேஜுக்கு மழைச் சீட்டு உண்டா என்பதை ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "ஆமாம் ஆமாம்" என்றது எங்களுக்கு எதற்கும் உதவவில்லை. கிரெடிட் கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். எல்லாம் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருப்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

மூன்று வாரம் மெயில் அனுப்பிச் சண்டை போட்டதில் ஏஜென்ட் ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார். அடுத்த பேக்கேஜில் 20 சதவீதம் தள்ளுபடி, கார்ட் நீங்கலாக.