சீனம் பேசும் கொரியத் தொடர்கள்: நெடுநாள் பார்த்தவளின் அனுபவம்

சிங்கப்பூரில் கொரியத் தொடர் பார்க்க இன்று எத்தனையோ வழி இருக்கிறது. கைப்பேசியில், வேண்டிய நேரத்தில், வேண்டிய மொழியின் வசன வரிகளோடு பார்க்கலாம். இருந்தும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் மாண்டரின் குரலோடு வருவதைத்தான் நான் இன்னமும் அதிகம் பார்க்கிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுப் பழக்கம் இது. தமிழ்ப் பெண் நீ, கொரியக் கதையை எதற்குச் சீனத்தில் பார்க்கிறாய் என்று தோழிகள் கேட்பார்கள். அவர்களுக்காகவும், புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காகவும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

இங்கே இந்தப் பழக்கம் கொரியத் தொடர்களோடு தொடங்கியதல்ல. 1979-இல், சீனர்கள் கிளைமொழிகளை விட்டுப் பொதுச் சீனமான மாண்டரினைப் பேச வேண்டும் என்று அரசின் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் வந்தது. அதன்பின் தொலைக்காட்சியில் ஹொக்கியன், கண்டனீஸ் போன்ற கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றன. ஹாங்காங் தொடர்கள்கூட மாண்டரின் குரல் ஏற்றித்தான் வந்தன. அதனால் வாயசைவு ஒன்று, குரல் ஒன்று என்பது இங்குள்ள சீனக் குடும்பங்களுக்கு எப்போதோ பழகிவிட்டது. 2001 மே மாதம் ஒளிவழி யூ என்ற சீன மொழித் தொலைக்காட்சி தொடங்கியபோது, கொரியத் தொடர்கள் மீதான மோகமான ‘கொரிய அலை’யும் தைவான், ஹாங்காங் வழியாக வேகமெடுத்திருந்தது. இரண்டும் நல்ல நேரத்தில் சந்தித்துக்கொண்டன.

இன்னொன்றும் உண்டு. ஹாங்காங் தொடரை அதன் கண்டனீஸ் குரலில் கேட்க இலவச ஒளிவழிகளில் வழியில்லை. கொரியத் தொடர் பலவற்றுக்கோ இரட்டை ஒலி இருந்தது. தொலை இயக்கியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொரியக் குரல். தன் பாட்டியின் மொழியைத் திரையில் கேட்க முடியாத ஒரு தலைமுறை, கொரிய மொழியைத் தாராளமாகக் கேட்டது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ஹொக்கியன் மூதாட்டி ஒருவர் இதை வருத்தத்தோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2016-இல் இன்னொரு சீன ஒளிவழியான ஒளிவழி 8 முதியவர்களுக்காக ஹொக்கியன் தொடர் ஒன்றைப் போட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த அண்ட்டிதான் எனக்கு மாண்டரின் குரலின் மதிப்பைக் காட்டியவர். அவருக்குப் பள்ளிப்படிப்பு இல்லை. கண்ணிலும் புரை. திரையின் அடியில் ஓடும் எழுத்து அவருக்கு எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான். கொரியக் குரலில் விட்டால் அவருக்குக் கதையே இல்லை. மாண்டரினில் விட்டால், கீரை ஆய்ந்துகொண்டே மாமியார் என்ன சொன்னாள், மருமகள் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார். அசல் ஒலிதான் உயர்ந்தது, மொழிமாற்று ஒலி மட்டம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள், கை ஓய்வாக இருப்பவர்கள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே தொடர் பார்க்கிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

சரி, எல்லாத் தொடருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. என் அனுபவத்தில் சரித்திரத் தொடருக்கு மாண்டரின் குரல் மிக அழகாகப் பொருந்துகிறது. 2003-இல் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டே ஜாங் கும்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 54 பாகம். பழைய கொரிய அரசான ஜோசனின் அரண்மனைச் சமையல்கட்டில் சேர்ந்த சிறுமி ஜாங் கும் பிறகு அரசருக்கே மருத்துவம் பார்க்கும் கதை. ஜோசன் அரசவையில் ஆவணங்களைச் செவ்வியல் சீனத்தில்தான் எழுதினார்கள். பதவிப் பெயர்கள், மருந்துப் பெயர்கள், துறைப் பெயர்கள் என எல்லாவற்றுக்கும் சீன எழுத்து உண்டு. அவற்றை மாண்டரினில் சொல்லும்போது எதுவும் ஒட்டவைத்ததுபோல் இல்லை. கேட்கிற சீனர்களுக்கும் அரண்மனைக் கதைகள் புதிதல்ல. ராணி எப்படிப் பேசுவாள், பணிப்பெண் எப்படித் தலைகுனிந்து பதில் சொல்வாள் என்பதற்கு ஒரு குரல் மரபே அவர்களிடம் இருக்கிறது. குரல் கலைஞர்கள் அந்த மரபிலிருந்து எடுத்துப் பேசுகிறார்கள். நாயகி சமையல்கட்டில் கண்டிக்கப்படும் காட்சிகளை நான் இரண்டு குரலிலும் கேட்டிருக்கிறேன். மூத்த பணிப்பெண்களின் கண்டிப்பு மாண்டரினில் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை.

ஐம்பது பாகம்வரை நீளும் வார இறுதிக் குடும்பத் தொடர்களும் அப்படித்தான். மூன்று தலைமுறை, ஒரு வீடு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வசன வரிகளை மட்டும் நம்பினால் யார் எதைச் சொன்னார் என்று பிடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். காதில் புரியும் மொழியில் கேட்டால் அந்த இரைச்சலே சுகம்.

இளைஞர் காதல் கதைகளில்தான் எனக்குத் தொல்லை. நெடுநாள் கழித்துத்தான் இதற்கு ஒரு காரணம் பிடிபட்டது. கொரிய வாக்கியம் தமிழ் மாதிரி. வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘நான் உன்னோடு அங்கே...’ என்று நடிகர் இழுத்தால், வருவேன் என்பதா, வரமாட்டேன் என்பதா என்று நாம் கடைசி அசைவரை காத்திருக்கிறோம். நல்ல நடிகர்கள் அந்த இடத்தில்தான் முகத்தை மாற்றுவார்கள். சீனத்தில் ‘இல்லை’ என்பது வினைக்கு முன்னாலேயே வந்துவிடும், இடமோ பொருளோ பின்னால் போகும். அதனால் நடிகையின் கண் கலங்குவதற்கு முன்பே குரல் மறுப்பைச் சொல்லி முடித்துவிடுகிறது. பிறகு கண் கலங்குகிறது. அரை விநாடி இடைவெளிதான். ஆனால் காதல் காட்சி முழுவதும் அந்த அரை விநாடியில்தானே நிற்கிறது. சீனத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இது தெரிவதில்லை போலும், கேட்டால் சிரிக்கிறார்கள். தமிழ்க் காதுக்குத் தெரிகிறது. திறமையான மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை இரண்டாக உடைத்து, முக்கியமான சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, இதைச் சரிசெய்துவிடுவார். அப்படிச் செய்த தொடர்களை உடனே கண்டுகொள்ளலாம், பார்க்கும்போது குரல் மாற்றமே மறந்துபோகும்.

இதனால்தான் கொரியத் தொடர் தமிழுக்கு வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு வந்தவற்றைப் பார்த்தபோது, வாக்கியம் முடிகிற இடமும் முகம் மாறுகிற இடமும் பல தடவை ஒன்றாகவே விழுந்தன. மொழியின் அமைப்பே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறது. தமிழில் இன்னும் கவனம் எடுத்துச் செய்தால் சீனத்தைவிட நன்றாகவே வரும் என்பது என் நம்பிக்கை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரியக் குரலில் கேட்டால் சூப் உறிஞ்சுகிற சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், மலைக் காற்று எல்லாம் வசனத்தோடு கலந்து வரும். குரல் மாற்றியதில் இவை மெலிந்துவிடுகின்றன. குரலை அடைத்த அறையில் பதிவதால், மலை உச்சியில் நின்று கத்துகிறவன்கூட அறைக்குள்ளிருந்து கத்துவதுபோல் கேட்கிறது. அழுகையில் இது இன்னும் உறுத்தும். விம்மல் நடிகையின் சொந்தக் குரல், அடுத்த வசனம் வேறொருவர் குரல் என்று ஒட்டுப் போட்ட காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் குரலை மெலிதாக்கிப் பேசுவதும் எனக்கு இன்றுவரை பழகவில்லை. பாடல்களைப் பெரும்பாலும் கொரியத்திலேயே விட்டுவிடுவது நல்ல முடிவு.

நான் கேட்டவற்றில் பல தைவானில் குரல் கொடுக்கப்பட்டவை. சிங்கப்பூர்க் காதுக்கு அந்த உச்சரிப்பு இதமானது. நாவை மடித்துச் சொல்லும் ஒலிகளைத் தைவான்காரர்கள் மென்மையாகவே சொல்வார்கள், நம் ஊர்ச் சீனர்களும் அப்படித்தான். பெய்ச்சிங் பாணியில் சொல்லின் முடிவைச் சுருட்டிப் பேசும் குரல் வந்தால் எங்கள் அண்ட்டி முகம் சுளிப்பார். தொடர்ந்து பார்த்தால் குரல்களும் அறிமுகமாகிவிடும். போன தொடரில் கொடுமைக்கார மாமியாராகப் பேசியவர் இந்தத் தொடரில் அன்பான அம்மாவாகப் பேசுவார். மனம் ஏற்கச் சில பாகம் ஆகும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது பெயர்களில். கொரியப் பெயர் பலவற்றுக்குச் சீன எழுத்து இருப்பதால், சீனக் குரலில் அதை மாண்டரினாகவே படித்துவிடுவார்கள். ஜாங் கும் ‘சாங்ஜின்’ ஆகிறாள். நடிகர் பே யோங் ஜூன் ‘பெய் யோங்ஜுன்’. நடிகை சோங் ஹே கியோ ‘சோங் ஹுய்ச்சியாவ்’. வேலையிடத்தில் சீனத் தோழி ஒருத்தியும் நானும் ஒரே நடிகரைப் பற்றி நெடுநேரம் பேசியும், இருவரும் சொல்வது ஒரே ஆளைத்தான் என்று தெரியாமல் இருந்ததுண்டு. ஊர்ப் பெயரிலும் இதே கதை. கொரியத் தலைநகர் சோலைச் சீனர்கள் ‘ஹன்செங்’ என்றுதான் அழைத்து வந்தார்கள். 2005 ஜனவரியில் அந்த நகர நிர்வாகமே ‘ஷோவ்அர்’ என்ற புதிய சீனப் பெயரை அறிவித்தது. எனவே பழைய தொடரில் நாயகன் ஹன்செங்குக்குப் போவான், புதியதில் ஷோவ்அருக்கு. இரண்டும் ஒரே ஊர்.

மாண்டரின் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. காரணம் எளியது. கொரிய ஒலியும் சீன வசன வரியும் வைத்துப் பார்த்தால் காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சீன ஒலியும் சீன வரியும் வைத்தால், கேட்கிற சொல்லே பெரும்பாலும் அடியில் எழுத்தாக நிற்கிறது. நான் எழுத்துப் படிக்கத் தொடங்கியதே இப்படித்தான். ‘சாப்பிட்டாயா’, ‘திரும்பி வா’, ‘மன்னித்துவிடு’, ‘மருத்துவமனை’: குடும்பத் தொடரில் இவை ஒவ்வொரு பாகத்திலும் வரும். பிறகு ஈரச்சந்தையில் மீன்காரர் பேசியது பாதி புரிந்தது, அப்புறம் முக்கால்வாசி புரிந்தது. ஒரு எச்சரிக்கை: சரித்திரத் தொடரில் கற்ற சொற்களைச் சந்தையில் பயன்படுத்த முடியாது. கற்பதற்கென்றால் தற்காலக் குடும்பத் தொடரையே எடுங்கள்.

கருவி விஷயம் சுருக்கமாக. 2018 இறுதியோடு பழைய ஒளிபரப்பு நின்று, எல்லாம் மின்னிலக்கத்துக்கு மாறிவிட்டது. உங்கள் பெட்டியின் தொலை இயக்கியில் ‘ஆடியோ’ என்றொரு பொத்தான் இருக்கும். இரட்டை ஒலி உள்ள தொடரென்றால் அதை அழுத்தி மொழியை மாற்றலாம். முன்பு எங்களிடம் இருந்த மலிவான பெட்டி ஒன்று ஒளிவழியை மாற்றித் திரும்பினாலே மொழியை மறந்துவிடும், விளம்பர இடைவேளை முடிந்து வந்தால் அண்ட்டி திடீரென்று கொரியம் கேட்டுத் திகைப்பார். பெட்டி வாங்கும்போது அதைச் சோதித்து வாங்குங்கள்.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: சரித்திரம், குடும்பம் என்றால் மாண்டரின் குரல், கூடத்தில், எல்லாரோடும். காதல், மர்மக் கதை என்றால் கொரியக் குரல், தனியாக, இரவில். மிகவும் பிடித்த தொடரை இரண்டிலும் பார்ப்பேன். முதலில் மாண்டரினில் பார்த்துக் கதை தெரிந்தபின் கொரியத்தில் பார்த்தால் வசன வரிகளைத் துரத்த வேண்டியதில்லை, முகங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள் மனதில் நெடுநாளாக இருக்கிறது. நான் பார்த்தவற்றில் பாகத்தின் முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது குரல் கொடுத்தவர்களின் பெயர் அநேகமாக வருவதில்லை, வந்தாலும் படிப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டம் மேலே ஏறிவிடுகிறது. இருபது ஆண்டாக எங்கள் கூடத்தில் ஒலித்த அந்தக் குரல்களில் ஒருவருடைய பெயர்கூட அண்ட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பெயர்களைப் படிக்கும் வேகத்தில், ஒவ்வொரு பாகத்திலும் போட வேண்டும்.