மூன்று வாரப் பயிற்சியா, ஓராண்டுத் துணையா?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியலில் 2021-லும் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இடம் கிடைத்தது, பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்தது. உள்ளே வந்த பிள்ளை கால் ஊன்றி நிற்க எது உதவும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பொறியியல் கல்லூரிகளில் நமக்குப் பழகிய வழி, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சி. அதனோடு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அடிப்படையைச் சரிசெய்யும் பிரிட்ஜ் கோர்ஸ் வைக்கும் கல்லூரிகளும் உண்டு. செலவு குறைவு. எல்லோரும் ஒன்றாக உட்காருவதால் யார் மீதும் முத்திரை விழுவதில்லை. இது சிறிய நன்மை அல்ல. ஆனால் காலம்தான் பொருந்தவில்லை. வீட்டு நினைவும் ஹாஸ்டல் சாப்பாடும் வாட்டுகிற அந்த வாரங்களில், தனக்கு எது தெரியாது என்பதே மாணவருக்குப் பிடிபட்டிருக்காது.

சிக்கல் பிறகுதான் வருகிறது. மின்சுற்றைப் பிழையில்லாமல் இணைத்து, அளவீடும் எடுத்துவிட்ட மாணவி, வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஆங்கிலக் கேள்வி வந்ததும் வாயடைத்து நிற்கிறாள். விடை அவளுக்குத் தெரியும். ஆனாலும் மதிப்பெண் குறைகிறது. அடுத்த லேபில் பின்னால் ஒதுங்கிவிடுகிறாள். கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வின் மதிப்பெண் வரும்போது பயிற்சி முடிந்து வெகு நாளாகியிருக்கும்.

இன்னொரு வழி, ஆண்டு முழுவதும் ஒரு சீனியரையும் ஓர் ஆசிரியரையும் துணையாக அமர்த்துவது. ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுவது, பழைய வினாத்தாள் யாரிடம் இருக்கிறது, உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழை எப்போது கொடுக்க வேண்டும், அரியர் விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அதே பாதையில் வந்த அக்காவோ அண்ணனோ சொன்னால்தான் மனதில் இறங்கும். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு இதைச் சொல்ல வேறு ஆள் ஏது?

இதிலும் ஆபத்து இருக்கிறது. சீனியரின் நல்ல மனதை மட்டும் நம்பினால், அவருக்குத் தேர்வு வந்ததும் துணை அறுந்துவிடும். ஒதுக்கீட்டில் வந்தவர்களை மட்டும் தனியாக அழைத்தால் அதுவே அவமானமாகும். வகுப்பு முழுவதற்கும் சீனியர்களை அமர்த்தி, யாருக்கு யார் என்பதை மட்டும் கவனமாகப் பொருத்துவதே சரி.

ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பும் உண்டு. அடித்தளம் பலப்படும். ஆனால் பிள்ளையின் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஓராண்டு தள்ளிப்போவது பெரிய பாரம்.

ஒன்றுக்கு மட்டுமே நிதி இருக்கிறது என்றால் நான் ஓராண்டுத் துணைக்கே கொடுப்பேன். சீனியர்களுக்கு மாதந்தோறும் ஊக்கத்தொகை தர வேண்டும். முதல் இன்டர்னல் மதிப்பெண் வெளியாகும் வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் ஆசிரியர் தனியாகச் சந்தித்துப் பேசுவதைக் கல்லூரி கட்டாயமாக்க வேண்டும்.