முட்டைக்குப் பதில் குஞ்சு தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் வீடு. நாட்டுக்கோழி முட்டை, குஞ்சு என்று செல்பேசியில் விளம்பரம் போட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பைக்கில் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரிடம் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறை போனது 720 ரூபாய். இரண்டாம் முறை போனது அம்மாவின் கோழிகள்.

மார்கழியில் எங்கள் சேவலை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. சேவல் போனாலும் பத்துப் பன்னிரண்டு நாள் வரை பெட்டை இடும் முட்டையில் கரு கூடும். அதன் பிறகு இடுவதெல்லாம் குழம்புக்குத்தான். தை பிறந்ததும் இரண்டு கோழிகள் ஒன்றாக அவயத்துக்கு, அதாவது அடைக்கு, உட்கார்ந்துவிட்டன. அவற்றைத் தண்ணீரில் முக்கி அவயம் தெளிய வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "அசல் சிறுவிடை, சேவலோடு மேயும் கோழியின் முட்டை", ஒன்று 30 ரூபாய். சிறுவிடை என்பது உருவத்தில் சிறிய நாட்டுக்கோழி வகை. கோழிக்குப் பன்னிரண்டு என்று 24 கேட்டேன். வீட்டுக்கே வந்து பார்த்து வாங்குகிறேன் என்றதற்கு, "எதற்கு அண்ணா அலைச்சல், பைபாஸ் பாலத்துக்குக் கீழே வந்துவிடுங்கள்" என்றார். அந்தப் பேச்சிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அட்டையைப் பிரித்ததும் அம்மா, "என்னடா, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது" என்றாள். நான்தான் அவளை அடக்கினேன். நாலு வீட்டுக் கோழி முட்டைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று வெளுத்திருக்கும், ஒன்று சந்தன நிறம், ஒன்று கூர்ந்திருக்கும், ஒன்று உருண்டிருக்கும். சிறுவிடை முட்டை 40, 45 கிராமைத் தாண்டுவதே அபூர்வம். இவை எல்லாமே 55 கிராமுக்கு மேல், எல்லாம் ஒரே பழுப்பு. இதை நான் எடை போட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

கூடையில் உமி பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரியும் போட்டு, அம்மா முறையாக அவயம் வைத்தாள். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுச் செல்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கரு கூடிய முட்டை என்றால் இந்நேரம் உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரிய வேண்டும். இருபத்து நான்கும் கண்ணாடி போலத் தெளிவு. அத்தனையும் கூமுட்டை. அதைவிட, கோழி உருட்டி உருட்டிச் சில முட்டைகளில் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அம்மா எலுமிச்சைத் துண்டால் தேய்த்தாள். மளிகைக்கடை வெள்ளை முட்டை வெளியே வந்தது. டீத்தூள் டிகாக்ஷனில் ஊறவைத்து நிறமேற்றியிருக்கிறார்கள். கூண்டில் வளரும் பண்ணைக் கோழி சேவலின் நிழலைக்கூடப் பார்த்ததில்லை. அதன் முட்டையில் எங்கே குஞ்சு பொரிப்பது?

தொலைபேசியில் கேட்டேன். "வண்டியில் குலுங்கியிருக்கும் அண்ணா" என்றார். குலுங்கிக் கரு செத்திருந்தால் ஒன்றிரண்டிலாவது இரத்த வளையம் தெரிந்திருக்கும் என்றேன். "அப்படியானால் இடி இடித்திருக்கும்." தை மாதத்தில்! சாயம் போன முட்டையின் படத்தை அனுப்பிய பிறகுதான் குரல் இறங்கியது. "விடுங்கள் அண்ணா, ஒரு மாதக் குஞ்சு பதினைந்து தருகிறேன். மேலே 500 மட்டும் கொடுங்கள். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று."

நான் போய் வாங்கிவந்தேன். இழந்ததை மீட்டுவிட்டோம் என்கிற அற்பச் சந்தோஷம் மனிதனை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு நானே சாட்சி. வந்த குஞ்சுகளை மூன்று வாரமாவது தனியே அடைத்து வைத்திருக்க வேண்டும். நான் அன்று மாலையே மற்ற கோழிகளோடு சேர்த்து விட்டுக் கம்பு இறைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரண்டு குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றன. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்கல். ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பியது. அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் பார்த்ததும், "வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட்" என்றார். வைரஸ் நோய், இதற்கு மருந்து கிடையாது, செத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். பிறகு அவர் கேட்ட கேள்விகளை நான் விற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும்: ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விட்டார்களா? எந்தத் தேதியில்? மருந்துக்குப்பி எங்கே?

சின்ன வியாபாரிகள் ஏன் போடுவதில்லை என்பதையும் அவரே விளக்கினார். குப்பி ஒன்று நூறு கோழிக்கு மேல் வரும். பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். முப்பது குஞ்சு வைத்திருப்பவன் இவ்வளவு மெனக்கெடுவானா, "போட்டாயிற்று" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வானா?

பத்து நாளில் பதினைந்து குஞ்சில் இரண்டு மிஞ்சின. அம்மாவின் பதினோரு கோழிகளில் மூன்று. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை ஊர் ஊராக வந்து கழிச்சல் தடுப்பூசியை இலவசமாகப் போடும். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தபோது அம்மா காலிப் பஞ்சாரத்தைக் காட்டினாள்.

அந்த ஆள் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. விளம்பரம் மட்டும் அதே சேவல் படத்தோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பைபாஸில் சந்திக்கலாம் என்று சொன்னால் போகாதீர்கள். கோழியும் சேவலும் மேயும் இடத்தை நேரில் பாருங்கள், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு முட்டையை அங்கேயே உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் சின்ன வளையம் போலத் தெரிந்தால் கரு கூடியது. வெறும் வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மிஞ்சிய மூன்றில் ஒன்று நேற்று மறுபடி அவயத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. மேட்டுத்தெரு அத்தை வீட்டில் சேவல் இருக்கிறது. பதினொரு முட்டை கேட்டிருக்கிறாள் அம்மா. பத்து அடைக்கு, ஒன்று உடைக்க.