இரண்டு நாள் தெருக்கூத்துப் பயிலரங்கு: ஒரு மதிப்புரை

தமிழ்நாட்டின் செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த கூத்துக் கலைஞர்கள் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடத்திய பயிலரங்கில், பதினான்கு வயது மகளுடன் கலந்துகொண்டேன். கட்டணம் ஒருவருக்கு 60 வெள்ளி. முதல் நாளுக்கு மட்டுமே அதைக் கொடுத்திருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.

அன்று காலை முழுவதும் வாத்தியார் அரிதாரத்தையோ கிரீடத்தையோ கண்ணில் காட்டாமல், மத்தளமும் முகவீணையும் ஒலிக்க எங்களை அடவு எனும் ஆட்ட அசைவுகளைப் போட வைத்தார். கால் பழகிய பிறகுதான், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டைகள் எனும் தோள் அணிகளை வெளியே எடுத்தார். பிற்பகலில் திரைப் பிரவேசம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் விருத்தம் பாட, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் 'நீர் யார்?' என்று விசாரிக்க, ஒரு பாத்திரம் சபைக்கு வரும் முறையைத் திரையின் ஒரு முனையைப் பிடித்தபடியே என் மகள் கற்றுக்கொண்டாள். ஊர்ச் செய்தியைக் கதைக்குள் இழுப்பது கட்டியக்காரனின் மரபு. இங்கே அவர் எம்ஆர்டி ரயில் நெரிசலை அஸ்தினாபுரத்துக்குள் கொண்டுவந்தபோது சிறுவர்கள்கூடக் கதையோடு ஒன்றிவிட்டனர்.

இரண்டாம் நாள் ஏமாற்றம் தந்தது. பாராட்டுரைகளும் பொன்னாடைகளும் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிட, ஊரில் விடிய விடிய நடக்கும் கர்ண மோட்சம் நாற்பது நிமிடங்களுக்குள் சுருங்கியது. கலைஞர்களைச் சிறப்பிக்க விரும்பினால் அவர்களை ஆடவிடுவதே முதல் மரியாதை.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தமிழகத்தின் வடபகுதியான தொண்டை மண்டலத்தில் கூத்து திரௌபதியம்மன் கோயிலை ஒட்டி வளர்ந்த கலை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் துரியோதனன் வீழ்வதை நடித்துக்காட்டும் படுகளமும் தீமிதியும் என்று விழா நடக்கும். நம் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் நடைபெறும் தீமிதியும் அதே திரௌபதிக்கு உரியது. அந்த உறவைப் பற்றி ஏற்பாட்டாளர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேர்த்திக்கடனுக்காகப் பூக்குழி இறங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, இது எங்கிருந்தோ வந்த காட்சிப்பொருளாக அல்லாமல், தங்கள் வேண்டுதலுக்குப் பின்னுள்ள கதையாக அறிமுகமாகியிருக்க வேண்டும்.

மீண்டும் நடத்தினால் தீமிதிக் காலத்தில் நடத்தி, ஓர் இரவையாவது முழுமையாகக் கூத்துக்கு ஒதுக்க வேண்டுகிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் முதல் நாளைத் தவறவிட வேண்டாம். தளர்வான பருத்தி உடை அணிவிப்பது நல்லது.