எச்4 ஹெட்லைட்: பல்பை மாற்றும் முன் ரிலேயைப் பாருங்கள்

எங்கள் பழைய ஹேட்ச்பேக்கில் இருப்பது எச்4 பல்பு. 12 வோல்ட், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). இரவில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டி என்பதால் ஹாலோஜன், எல்.இ.டி., மறுபடி ஹாலோஜன் என்று பல வருடமாக மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

எச்4-க்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு உண்டு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் அது மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் ஒளி ரோட்டில் விழுகிறது. இழை கொஞ்சம் இடம் மாறினாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடும். நான் போட்ட எல்.இ.டி.யில் நடந்தது அதுதான். பானட்டுக்கு முன்னால் பளீரென்று வெள்ளை, தூரத்தில் ஒன்றும் தெரியாது. டிம்மில் போனாலும் எதிர் லாரிக்காரர்கள் லைட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மழையில் நனைந்த தார் ரோட்டில் ஹாலோஜனின் மஞ்சள் ஒளிதான் என் கண்ணுக்கு இதம். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து வரும் புதிய ஹெட்லைட்டுகள் வேறு விஷயம், அவை நன்றாகவே இருக்கின்றன. செனான் கிட்டை ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் போடவே போடாதீர்கள். இழை இல்லாமல் ஆர்க்கில் எரியும் அந்தப் பல்பு எதிரே வருபவரைக் குருடாக்கிவிடும்.

ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலே வயரிங் கிட் போட்ட அன்றுதான் ரோடு தெரிந்தது. பழைய வண்டிகளில் கரண்ட் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதால் பல்பில் வோல்டேஜ் குறைகிறது. 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேராகக் கொடுத்ததும் அதே 60/55 பல்பு வேறு பல்பு போல எரிந்தது. 100/90 வாட் வேண்டாம், ஹோல்டர் உருகும். '+130' (130 சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம்) என்று விற்பவை நன்றாகவே எரியும், ஆனால் இழை அதிகச் சூட்டில் எரிவதால் சீக்கிரம் போகும்.

மாற்றுவது சுலபம். லைட்டை அணைத்து ஆறவிட்டு, மூன்று பின் கனெக்டரைக் கழற்றி, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பை அழுத்தி விடுவித்தால் பல்பு கையில் வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி கண்ணாடி சீக்கிரம் கெடும். தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா பார்த்து, ரப்பர் மூடியை இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோர்க்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். எரிகிற பழைய பல்பைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே ஸ்பேராக வைத்திருங்கள்.